மாங்காயை இழுத்தால் புடலங்காய் ஆகும்

(தையல், கைவினைக் குழுக்களின் பயிற்சி நாளில் கூட்டமைப்பின் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



எம்பிராய்டரி, ஆரி வேலை, ஒயர் கூடை என்று கைவேலை செய்கிற குழுக்கள் எல்லாம் இன்றைக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கோம். தையல் சொல்லித்தர நாங்க வரவில்லை. ஊசி பிடிப்பதில் எங்களைவிட நீங்கள் கெட்டிக்காரங்க. ஊசியை எடுப்பதற்கு முன்னால் பேப்பரில் நடக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றித்தான் பேச வந்திருக்கோம். ஒரு டிசைன் கையில் இருக்கு. ஒரு ஆர்டருக்கு அதை வட்டமாகப் போடணும், இன்னொன்றுக்கு நீளமாக, வேறொன்றுக்கு ஜாக்கெட் கழுத்து வளைவில். அப்போ என்ன செய்யறது?

பெரும்பாலும் என்ன நடக்குது? செல்போனில் வந்த படத்தைத் தூக்கிக்கொண்டு டவுனில் டிசைன் வரைகிற கடைக்குப் போறோம். அங்கே கம்ப்யூட்டரில் படத்தை ஒரு பக்கமாக இழுத்து, நீளத்துக்குப் பொருத்திக் கொடுத்துடறாங்க. மாங்காய் புடலங்காய் ஆயிடுது. மயில் கொக்கு மாதிரி நிற்குது. தையல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வாங்க வந்தவர் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, என்னமோ சரியில்லையே என்று கீழே வைத்துவிடுகிறார். படம் வரைந்த காசும் போச்சு, நூலும் போச்சு. அதற்காக எடுத்த உள்கடனின் தவணை மட்டும் நிற்குது.

உண்மையில் இந்த வேலை உங்களுக்குப் புதுசு இல்லை. மார்கழியில் தெருவை அடைத்துப் போடுகிற கோலத்தையே குறுகலான வாசலில் போடணும் என்றால் கோலத்தை நசுக்குவோமா? புள்ளியைக் குறைப்போம், நடுப்பூவை மட்டும் வைத்துக்கொண்டு ஓரத்தை விட்டுவிடுவோம். துணியிலும் அப்படித்தான். பூவை இழுக்கக் கூடாது. பூவுக்கும் பூவுக்கும் நடுவே இருக்கிற இடத்தைத்தான் கூட்டணும், குறைக்கணும்.

ஒரு கணக்கு பாருங்க. 36 இஞ்ச் நீளம், 12 இஞ்ச் அகலத்தில் ஒரு மேசை விரிப்பு. கையில் இருப்பது 8 இஞ்ச் சதுரத்துக்குள் அடங்குகிற மாங்காய். மூன்று மாங்காய் வைத்தால் 24 இஞ்ச். மீதி 12 இஞ்ச். இரண்டு ஓரம், நடுவில் இரண்டு இடைவெளி, ஆக நாலு இடம். ஒவ்வொன்றுக்கும் 3 இஞ்ச் கொடுங்க. மேலேயும் கீழேயும் 2 இஞ்ச் தானாக நிற்கும். இடைவெளி வெறிச்சென்று தெரிந்தால், அந்த மாங்காயில் இருக்கிற சின்ன இலையையே பிரித்து அங்கே வைக்கலாம். வேறு படத்துப் பூவைக் கொண்டுவந்து வைத்தால் பெரும்பாலும் ஒட்டாது.

வட்டத்துக்கு வருவோம். 12 இஞ்ச் வட்டத் துணியில் அந்த 8 இஞ்ச் சதுரம் அளவுக்கு அடங்கத்தான் செய்யும். ஆனால் தட்டில் செங்கல் வைத்த மாதிரி இருக்கும். அதனால் பேப்பரை வட்டமாக வெட்டி, பாதி பாதியாக மூன்று தடவை மடிங்க. எட்டுப் பாகம் கிடைக்கும். ஒரு பாகத்தில் ஒரு சின்ன மாங்காய், கூர் நடுவைப் பார்க்கணும், குண்டான பக்கம் வெளியே இருக்கணும். மடித்தபடியே ஊசியால் குத்தினால் எட்டிலும் விழும். ஆனால் ஜோடி ஜோடியாக எதிரும் புதிருமாக நிற்கும். எல்லாம் ஒரே பக்கம் திரும்பணும் என்றால் ஒவ்வொன்றாகத்தான் வரையணும்.

ஜாக்கெட் கழுத்தில் கொடி போடும்போது வளைவின் ஒரு பக்கம் நெருங்கும், மறுபக்கம் விரியும். பேப்பரில் பூக்களைத் தனித்தனியாக வெட்டி வளைவின் மேல் அடுக்கிப் பார்த்துவிட்டு, அப்புறம் தண்டை வரைங்க. தண்டு எப்படி வேண்டுமானாலும் வளையலாம், பூ வளையக் கூடாது.

பார்டர் மூலையில் திரும்பும் இடம்தான் பலருக்குத் தலைவலி. அதற்கு வீட்டில் இருக்கிற முகம் பார்க்கும் கண்ணாடி போதும். சதுரப் பேப்பரை மூலைக்கு மூலை மடித்தால் வருகிற சாய்வு இருக்கே, அதே சாய்வில் கண்ணாடியை பார்டர் படத்தின் மேல் செங்குத்தாக நிறுத்துங்க. மூலை திரும்பியது கண்ணாடிக்குள் தெரியும். மெதுவாக நகர்த்திப் பார்த்து, எங்கே அழகாகச் சேருதோ அங்கே ஒரு கோடு போட்டுக்குங்க. காசு செலவே இல்லை!

எண்ணிப் போடுகிற வேலையில் இழுக்கவே முடியாது. நீலகிரியில் தோடர் இனப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகப் போடுகிற பூவேலைக்கு, துணியில் படம் வரைவதே கிடையாது. இழையை எண்ணியே போடறாங்க. போர்த்துகிற பூத்துக்குளிக்கு இருந்த அந்த வேலை, இப்போ பை, மேசை விரிப்பு என்று வேறு வேறு அளவுக்கும் வருது. அவர்கள் வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம்ம மேட்டித் துணி கிராஸ் ஸ்டிச்சும் எண்ணிக்கைதான். 70 கட்டம் அகலமுள்ள பூ, இஞ்சுக்கு 14 கட்டம் உள்ள துணியில் 5 இஞ்ச் வரும், 10 கட்டம் உள்ள துணியில் 7 இஞ்ச் வரும். ஆர்டர் எடுக்கும்போதே துணியை எண்ணிப் பாருங்க. ஒயர் கூடையில் ஒரு பூவுக்கு 8 முடிச்சு என்றால் சுற்றளவு 48 அல்லது 56. 50 வைத்தால் கடைசிப் பூ மூளியாகும்.

இனி கூலி. இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்க. 2 இஞ்ச் மாங்காய்க்கு 40 ரூபாய் கூலி என்று வச்சுக்குவோம். அதே மாங்காய் 4 இஞ்சில் வேணும், 80 ரூபாய் தர்றோம் என்கிறார்கள். நியாயமாகத்தானே தெரியுது? ஆனால் நீளமும் இரண்டு மடங்கு, அகலமும் இரண்டு மடங்கு. பழைய மாங்காய் நாலு அதற்குள் உட்காரும். சுற்றுக்கோடு மட்டும் போட்டால் நூல் இரண்டு மடங்கு. உள்ளே நிரப்பினால் நாலு மடங்கு நூல், ஏறக்குறைய நாலு மடங்கு நேரம். 160 ரூபாய் வேலையை 80 ரூபாய்க்கு ஒத்துக்கிட்டு, ராத்திரி கண் விழித்து முடித்துக் கொடுத்துட்டு, ஏன் கையில் நிற்கலை என்று யோசிக்கிறோம். ஜெராக்ஸ் கடையில் ஏ4 தாளை ஏ3 ஆக்கும்போது 141 சதவீதம் என்று வைப்பார்கள். அந்த ஒன்றரைக்கும் குறைவான அளவிலேயே பரப்பு இரண்டு மடங்கு ஆகிவிடும். பேரம் பேசுபவருக்கு இது தெரியும். நமக்கும் தெரியணும்.

அடுத்த மாதக் கூட்டத்தில் நிரப்பு வேலைக்குக் கூலி நிர்ணயிக்கப் போகிறோம். ஒவ்வொரு குழுவும் ஒரு இஞ்ச் சதுரம் நிரப்பித் தைத்து, எத்தனை நிமிடம், எவ்வளவு நூல் ஆச்சு என்று குழு நோட்டில் எழுதி எடுத்து வாங்க.