சாயம் ஏற்றிய மரத்துக்குத் தெளிந்த மெருகு



பழைய அலுமாரி ஒன்றையோ மேசை ஒன்றையோ மண் கடதாசியால் தேய்த்து, விரும்பிய நிறத்தில் சாயம் ஏற்றி முடித்துவிட்ட ஒருவர், வேலை பெரும்பாலும் தீர்ந்தது என்று மகிழ்வது இயல்பு. எஞ்சியிருப்பது நிறமற்ற வார்னிஷைத் தூரிகையால் பூசுவதுதானே என்று அவர் எண்ணுவார். உண்மையில் இடர் தொடங்குவது அங்கேதான். வெறும் மரத்தின் மேல் பூசிய வார்னிஷ் பிழைத்துப்போனால் அதைத் தேய்த்தெடுத்துவிட்டு மறுபடியும் பூசலாம். நட்டம் ஒரு நாளைய உழைப்பு மட்டுமே. சாயம் ஏற்றிய மரத்தில் அவ்வாறு செய்தல் எளிதன்று. சாயம் மரத்தினுள் மிகச் சிறிதளவு ஆழத்துக்கே ஊறியிருக்கிறது. தேய்க்கும் கை சற்று மிஞ்சினால் பூச்சோடு நிறமும் போய், அவ்விடத்தில் வெளிறிய தழும்பு தோன்றும். அந்த இடத்துக்கு மாத்திரம் திரும்பச் சாயம் தடவினால், கிழிந்த சேலைக்கு வேறு துண்டு வைத்துத் தைத்ததுபோல் அது தனித்து நிற்கும். பாட்டனார் காலத்துப் பொருளாயின் இந்த இழப்பைப் பணத்தால் ஈடு செய்ய முடியாது.

முதிரை, தேக்கு போன்ற மரங்களுக்குச் சாயம் ஏற்றுவது, என் எண்ணத்தில், அவற்றை அவமதிப்பதாகும். ஆனால் இறப்பர் மரம், மலைவேம்பு முதலிய வெளிறிய மரங்களால் செய்த தளபாடங்கள் இன்று நம் இல்லங்களில் நிறைந்திருக்கின்றன. அவற்றுக்குச் சாயம் அழகு தருகிறது. ஆகவே அந்தச் சாயத்தைக் காப்பாற்றி, அதன்மேல் கண்ணாடிபோன்ற மெருகைக் கொணர்வது எப்படி என்பதைப் பார்ப்போம்.

முதலாவது, சாயம் முற்றாகக் காய்ந்திருத்தல் வேண்டும். எண்ணெயில் கரைத்த சாயத்துக்கு ஒரு முழு நாளாவது கொடுங்கள். மழைக்காலமாயின் இரண்டு மூன்று நாட்கள் பொறுத்திருப்பது நல்லது. உலர்ந்த வெள்ளைத் துணியால் மேசையின் அடிப்புறத்தை அழுத்தித் துடைத்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் இன்னும் வேளை வரவில்லை. பூச்சின் கரைப்பானும் சாயத்தின் கரைப்பானும் ஒன்றாயிருந்தால், தூரிகை சாயத்தை இழுத்துக்கொண்டு போகக்கூடும். ஸ்பிரிட்டில் கரைத்த சாயத்தின் மேல் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷைத் தூரிகையால் பூசுவோர் படும் தொல்லை இதுவே. எண்ணெய்ச் சாயம் கலைந்துவிடும் என்ற ஐயம் இருப்பின், மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் நீர்த்துப்போகக் கரைத்து, இடையில் ஒரு மெல்லிய பூச்சாக இட்டுக்கொள்ளலாம். மெழுகு நீக்காத அரக்கின் மேல் பொலியூரத்தேன் வார்னிஷ் செவ்வையாகப் பற்றாது.

அடுத்து, வார்னிஷ் பேணியை ஒருபோதும் குலுக்காதீர்கள். குலுக்கினால் உட்புகும் காற்று குமிழிகளாகி மரத்தின்மேல் வந்து உறைந்துவிடும். தட்டையான குச்சியால் அடியிலிருந்து மெதுவாகக் கலக்குங்கள். மங்கல் மெருகு தரும் வார்னிஷில் நுண்ணிய சிலிக்காத் துகள்கள் அடியில் படிந்திருக்கும். அவற்றைக் கலக்காமல் பூசினால் ஓரிடம் பளபளக்க, மற்றோரிடம் மங்கும். வேண்டிய அளவை வேறு பாத்திரத்தில் பழைய நைலோன் காலுறையால் வடித்து எடுங்கள். எண்ணெய் வார்னிஷாயின் முதற் பூச்சுக்குப் பத்துப் பங்குக்கு ஒரு பங்கு டர்பன்டைன் சேர்ப்பது நலம். எண்ணெய் வார்னிஷுக்குப் பன்றிமயிர்த் தூரிகை ஏற்றது. நீரில் கலந்த புதுவகைப் பூச்சுகளுக்குச் செயற்கை இழைத் தூரிகையே பொருந்தும். மயிர்த்தூரிகை நீரை உறிஞ்சித் தளர்ந்து விரிந்துவிடும்.

இனிப் பூசும் முறை. மேசைப் பலகையை இயன்றவரை படுக்கையாக வைத்துக்கொள்ளுங்கள்; நிறுத்திவைத்த பரப்பில் பூச்சு வழியும். விளக்கையோ யன்னல் வெளிச்சத்தையோ பலகைக்கு எதிர்ப்புறத்தில், தாழ்வாக விழும்படி அமைத்துக்கொண்டால், விடுபட்ட இடம் உடனே கண்ணுக்குத் தெரியும். தூரிகை மயிரின் மூன்றிலொரு பங்கு மட்டும் நனையட்டும். நனைத்த தூரிகையைப் பேணியின் விளிம்பில் இழுத்து வழிக்காமல், உட்பக்கத்தில் இலேசாகத் தட்டி எடுங்கள். பலகையின் ஓரத்திலிருந்து தொடங்கலாகாது. தூரிகை ஓரத்தில் அழுந்தினால் மிகுதி வழிந்து தொங்கும். ஓரத்துக்கு மூன்று நான்கு அங்குலம் உள்ளே வைத்து ஓரத்தை நோக்கி இழுங்கள். பின்னர் அதே இடத்திலிருந்து மறுபுறம் இழுங்கள். எப்போதும் மரத்தின் நாரோட்டத்தோடு செல்லுங்கள். ஒரு பட்டை முடிந்ததும் அடுத்ததை அதன் ஈரமான விளிம்பில் சிறிது ஏறும்படி பூசுங்கள். விளிம்பு காய்ந்தபின் அடுத்த பட்டை ஏறினால் அந்த இணைப்பு நிரந்தரக் கோடாக நின்றுவிடும். இறுதியாக, ஈரம் வற்றிய தூரிகையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்து, அதன் நுனி மட்டும் படும்படி ஒருமுறை முழு நீளத்துக்கும் வருடிவிடுங்கள்.

அதன்பின் கையை எடுத்துவிட வேண்டும். பலராலும் முடியாத காரியம் இதுதான். பூசிய சில நிமிடங்களில் மயிரின் சுவடுகள் கோடுகோடாகத் தெரியும். அவற்றைக் கண்டு பதறி மீண்டும் தூரிகையை வைப்பர். திரவத்தின் பரப்பிழுவிசை அக் கோடுகளைத் தானாகவே நிரவிவிடும். அதற்குத் தேவையானது நேரம் மட்டுமே. டர்பன்டைன் ஆவியாகி வார்னிஷ் தடிக்கத் தொடங்கிய பிறகு தூரிகை பட்டால், ஏற்படும் சுவடு நிரம்புவதற்கு வழியில்லை. விடுபட்ட இடம் ஒன்று அப்போது தென்பட்டால் அதையும் விட்டுவிடுங்கள். அடுத்த பூச்சு அதை மூடும். நீர்ப் பூச்சுகள் நம் வெப்பத்தில் மிக விரைவாக இறுகுவதால், அவற்றில் இந்த ஒழுங்கு இன்னும் கண்டிப்பானது.

ஒரே பூச்சில் வேலை முடியும் என்று கடைக்காரர் சொன்னால் நம்பவேண்டாம். தடித்த ஒரு பூச்சு வழியும், சுருங்கும், உள்ளே காயாது. மெல்லியதாக மூன்று பூச்சு ஏற்றுங்கள். எண்ணெய் வார்னிஷுக்கு இடையே ஒரு நாள் விட்டு, 320 ஆம் இலக்க மண் கடதாசியால் மிக மென்மையாகத் தேயுங்கள். முதற் பூச்சைத் தேய்க்கையில்தான் சாயத்துக்கு ஆபத்து. கூரிய ஓரங்களையும் மூலைகளையும் அப்போது தொடாமலே விட்டுவிடலாம். இரண்டாம் பூச்சின் பின் பரப்பில் கனம் ஏறியிருக்கும், அச்சமின்றித் தேய்க்கலாம். தேய்த்த தூளை டர்பன்டைன் சிறிது தோய்ந்த, பஞ்சு பறக்காத துணியால் துடைத்தெடுங்கள். மங்கல் மெருகு வேண்டுவோர் முதலிரு பூச்சையும் பளபளப்பான வார்னிஷால் பூசி, கடைசியை மாத்திரம் மங்கலானதால் முடித்தால் மரத்தின் வரிகள் தெளிவாய்த் தெரியும்.

காலநிலையையும் கவனித்தல் வேண்டும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்று வீசும் மாதங்களில் தூசியும், வாடைக்காற்று மழையைக் கொணரும் மாதங்களில் ஈரலிப்பும் நம் பகைவர்கள். ஈரலிப்பு மிகுந்த நாளில் அரக்குப் பாலிஷ் பாலாடை போல் வெளிறும். எண்ணெய் வார்னிஷ் காயத் தாமதமாகும். காற்று வீசும் பக்கத்து யன்னலைச் சாத்தி, நிலத்தில் நீர் தெளித்து, தூசி அடங்க ஒரு மணி நேரம் பொறுத்து, பிறகு தூரிகையை எடுங்கள். ஆயினும் அறையை முழுவதும் அடைத்துவிடாதீர்கள்; கரைப்பானின் ஆவி மூச்சுக்கும் தீங்கு, தீயையும் எளிதில் பற்றும். அருகே அடுப்போ பீடியோ கூடாது.

வேலை முடிந்தபின் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. எண்ணெய்ச் சாயமும் எண்ணெய் வார்னிஷும் துடைத்த துணிகளைக் கசக்கி மூலையில் எறிந்துவிடாதீர்கள். அவற்றிலுள்ள ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்கள் பிராணவாயுவோடு சேரும்போது வெப்பம் பிறக்கிறது. கசங்கிய துணிக்குள் அந்த வெப்பம் வெளியேற வழியின்றிப் பெருகி, எவரும் நெருப்பு வைக்காமலே துணி தானாகத் தீப்பற்றக்கூடும். அத்தகைய துணிகளை வெளியே கொடியில் ஒவ்வொன்றாக விரித்துக் காயவிடுங்கள். அவை விறைத்துக் கடினமான பிறகு குப்பையில் இடலாம். மழையால் அதற்கு வசதி இல்லையாயின், நீர் நிறைந்த மூடியுள்ள தகரப் பேணியில் அமிழ்த்தி வீட்டுக்கு வெளியே வைத்துவிடுங்கள்.