தபால் பெட்டியில் தீ

அமெரிக்கக் கிராமச் சாலையோரம் கம்பத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் தபால் பெட்டியை நேயர்கள் சினிமாவிலாவது பார்த்திருப்பார்கள். தலை வளைந்த தகரக் கூடு, பக்கத்தில் ஒரு சிறு கொடி. தபால் துறைப் பொறியாளர் ராய் ஜோரோல்மன் 1915-இல் வகுத்த வடிவம். இன்றும் பெரிதாக மாறவில்லை. அந்த வளைவுதான் ஏர்பிரஷ் பெயின்டருக்கு வரம். பைக்கின் பெட்ரோல் டேங்க் மாதிரி, படம் மூலையில் முட்டாமல் மேலேறி மறுபக்கம் இறங்கும்.

இப்போதோ படம் அச்சடித்த காந்த உறையை வாங்கிப் பெட்டிமேல் மாட்டிவிடுகிறார்கள். வீட்டுக்கு வீடு அதே சிவப்புக் குருவி, அதே பூசணிக்காய். அச்சடித்த படத்தில் ஆழம் கிடையாது. ஆழம் என்றால் என்னவென்று தெரிய, மைக் லவாலியின் தீயைப் பார்க்க வேண்டும்.

வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்னோஹோமிஷ் என்ற ஊரில் பட்டறை வைத்துப் பெயரெடுத்தவர் லவாலி. அவர் பரப்பிய முறைக்கு 'ட்ரூ ஃபயர்' என்று பெயர். பழைய ஹாட் ராட் கார்களில் ஓரம் கட்டி வரைந்த தீநாக்குகள் இதன் முன் நிற்காது. முதலில் முழுக்கக் கறுப்பு. அதன்மேல் வெளிர் மஞ்சளில் புகைபோலக் கொழுந்துகள். அதை மூடி, கண்ணாடி போல ஒளி ஊடுருவும் 'கேண்டி' சிவப்பு. மறுபடி மஞ்சள், மறுபடி கேண்டி. முதலில் அடித்த கொழுந்து அடியில் கங்காகப் போய்விடும். கடைசியில் அடித்தது முன்னால் நின்று எரியும். மஞ்சள், மேலே கேண்டி. மறுபடி மஞ்சள், மேலே கேண்டி. ரகசியம் அவ்வளவுதான்.

ஆனால் விரல் படிய வேண்டும். ஏர்பிரஷின் விசையை அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். காற்று முதலில், பெயின்ட் பிறகு. நிறுத்தும்போது பெயின்ட் முதலில், காற்று பிறகு. தடித்துத் தொடங்கி மயிரிழையாய் முடியும் கோட்டைப் பழைய தகரத்தில் போட்டுக் காட்டாத எந்தப் பையனையும் இந்த உரையாளர் பெட்டியைத் தொட விட்டதில்லை.

பெட்டியின் ஜி.ஐ. தகட்டில், அதாவது துத்தநாகம் பூசிய தகட்டில், பெயின்ட் நேராக ஒட்டாது. எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவி, உப்புத்தாள் போட்டு, எட்ச் பிரைமர் அடித்தாக வேண்டும். கேண்டி வெயிலில் வெளுக்கும். அதனால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் கோட்டில் கஞ்சத்தனம் கூடாது. ஹார்ட்னர் கலந்த கிளியருக்குத் துணி முகமூடி போதாது.

பெட்டிக்கு எந்த நிறமும் அடிக்கலாம் என்கிறது அமெரிக்கத் தபால் துறை. கொடி மட்டும் பளிச்சென்று தனித்துத் தெரிய வேண்டும். ஆகவே கொடி இருக்கும் பக்கம் கொழுந்தைத் தாழ்வாக நிறுத்தி, கொடியைச் சுற்றிக் கறுப்பாகவே விடுவது நல்லது.