இணைப்பில்தான் உடைகிறது
(குடிசார் பொறியியல் முதுநிலைப் பாடத்திட்டக் கருத்தரங்கின் தலைமை உரை, புக்கிட் பாத்தோக், சிங்கப்பூர்)



மலாய் மொழியில் பாத்தோக் என்றால் இருமல் என்கிறார்கள். இந்தக் குன்றுகளில் வெடி வைத்துக் கல் உடைத்த காலத்தில், மலையே இருமுவதுபோல் ஓசை கேட்டதாம். தேங்காய்ச் சிரட்டையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் என்று வாதிடுவோரும் உண்டு. நான் சைட்டிலேயே வயதானவன்; வெடிச் சத்தத்தின் பக்கம்தான் சாய்வேன்.

காலையில் இங்கு வருமுன் லிட்டில் குய்லினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தேன். கல் வெட்டிக் கைவிட்ட பள்ளம், அதில் தண்ணீர், நடுவே செங்குத்தாக ஒரு பாறை. ஊரார் அதைக் கருங்கல் என்கிறார்கள். நிலவியல் படித்தவர்கள் அது புக்கிட் தீமா கருங்கல்லே அல்ல, கோம்பாக் நோரைட் என்று திருத்துவார்கள். அந்தப் பள்ளத்தைத் தூர்த்து மேலே சாலை போடுவதாகத்தான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதலில் திட்டமிட்டிருந்தது. தூர்ப்பதற்கான கணக்கு எளியது: எத்தனை கன மீட்டர் மண், எத்தனை லாரி நடை. ஆனால் யாரோ அந்தப் பாறையை நிமிர்ந்து பார்த்திருக்கிறார்கள். பள்ளம் பூங்காவாக நின்றுவிட்டது. அந்தப் பார்வையை எந்தப் பாடவேளையில் சொல்லித் தருவது என்பது இன்றைய நம் வேலையில் ஒரு பங்கு.

உங்கள் கையில் இருக்கும் வரைவைப் படித்தேன். கட்டமைப்பு, மண், நீர், போக்குவரத்து, சுற்றுச்சூழல், கட்டுமான மேலாண்மை என்று எல்லாத் துறையும் அதில் இருக்கிறது. எனக்கு அதில்தான் பயம். பந்தியில் எல்லாக் கூட்டும் ஒவ்வொரு கரண்டி விழுந்துவிட்டால் சாப்பாடு முடிந்துவிடுமா? தமிழ்நாட்டில் எம்.இ. பட்டம் பெரும்பாலும் கிளை பிரித்தே வருகிறது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரியிலும் கட்டமைப்புக்கு ஒரு பட்டம், மண்ணியக்கவியலுக்கு ஒரு பட்டம். இங்கே குடிசார் பொறியியல் என்ற ஒரே பெயரில் முதுநிலை நடத்துகிறார்கள். பெயர் பரந்ததுதான். உள்ளே மாணவர் தமக்குப் பிடித்த கிளையில் நான்கைந்து பாடம் எடுத்து, மிச்சத்தை நேரத்துக்கு ஏற்றபடி நிரப்பிக்கொள்கிறார். பகலில் சைட், மாலையில் வகுப்பு என்று ஓடுபவரைக் குறை சொல்லவும் முடியாது.

பரந்த பட்டம் வேண்டும் என்றே நானும் சொல்கிறேன். ஆனால் எதற்காகப் பரப்புகிறோம் என்பதற்கு என்னிடம் ஒரே காரணம்தான் உண்டு. கட்டுமானங்கள் ஒரு துறைக்குள்ளேயே உடைவது குறைவு. துறையும் துறையும் சேரும் இடத்தில்தான் உடைகின்றன.

2004 ஏப்ரல் 20ஆம் தேதியை இந்த அவையில் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். நிக்கல் நெடுஞ்சாலை ஓரம், வட்டப் பாதை ரயிலுக்காக ஏறத்தாழ முப்பது மீட்டர் ஆழத்துக்குத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். காலாங் பகுதியின் கடற்களிமண். இருபுறமும் டயாஃபிரம் சுவர், நடுவே அவற்றுக்கு முட்டுக்கொடுக்கும் ஒன்பது அடுக்கு எஃகு ஸ்ட்ரட்டுகள். பத்தாவது அடுக்குக்காகத் தோண்டும்போது பிற்பகலில் எல்லாம் சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள்.

விசாரணைக் குழு இரண்டு பெரும் பிழைகளைக் காட்டியது. ஒன்று மண்ணில். களிமண்ணிலிருந்து நீர் வெளியேற நேரமில்லாத நிலைக்கு, நீர் வெளியேறிய நிலையின் அளவுருக்களைக் கணினியில் கொடுத்தார்கள். அந்த மென்மையான மண் உண்மையில் இருப்பதைவிட வலிமையாகத் திரையில் தெரிந்தது. சுவர் வளையும் அளவும் குறைவாக வந்தது. மற்றது எஃகில். ஸ்ட்ரட் வந்து, சுவரையொட்டிய கிடை உத்திரமான வாலரில் முட்டும் இடத்தில், தகட்டு விறைப்பிக்குப் பதிலாக சி சானல் வைத்தார்கள். சுமை மிஞ்சினால் அது இளகி நின்று தாங்காது, மடங்கிச் சுமையை மேலடுக்குகளின் தலையில் தள்ளிவிடும். மண் பிழை சுமையைக் குறைத்துச் சொன்னது. எஃகுப் பிழை தாங்கும் திறனை மிகைப்படுத்தியது. இரண்டும் அந்த மூட்டில் சந்தித்தன. மண்ணறிந்தவர் எஃகுப் பக்கமும் எஃகறிந்தவர் மண் பக்கமும் ஒருமுறை எட்டிப் பார்த்திருந்தால் என்று நினைக்காத பொறியாளர் இல்லை.

இன்னொன்றும் உண்டு. அன்று காலையிலேயே குழிக்குள் வேலை செய்தவர்கள் எஃகு முறுகும் ஓசையைக் கேட்டார்கள். வாலர் மடங்குவது கண்ணுக்கே தெரிந்தது. காதால் கேட்டதற்கும் கணக்கில் இருந்ததற்கும் இடையே மொழிபெயர்க்க ஆள் இல்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இளவயதில் ஒரு நிறுவனத்தின் கட்டமைப்புப் பிரிவில் இருந்தேன். மண் அறிக்கை எண்பது பக்கம் வரும். எங்கள் மேசைக்கு அதிலிருந்து ஒரே ஓர் எண் வரும், மண்ணின் தாங்குதிறன். நிலத்தடி நீர் எந்த மாதம் அளந்தது என்று நான் கேட்டதே இல்லை. கேட்க வேண்டும் என்று தெரியவும் இல்லை. கட்டடம் நிற்கிறது, அது என் திறமையால் என்று சொல்லமாட்டேன்.

எல்லா இடிவும் இணைப்பில் நேர்வதில்லை. நம் சிராங்கூன் சாலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓவன் ரோடு முனையில் நின்ற ஆறு மாடி ஹோட்டல் நியூ வோர்ல்ட் 1986 மார்ச் 15 அன்று இடிந்து 33 பேர் மாண்டார்கள். கட்டடத்தின் சொந்த எடையையே வடிவமைப்பில் சேர்க்க மறந்திருந்தார்கள். இது துறை இணைப்புக் கோளாறு அல்ல, அரிச்சுவடிக் கோளாறு. அதன் பிறகே வடிவமைப்பை வெளியார் ஒருவர் சரிபார்ப்பது 1989 சட்டத்தில் வந்தது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது மீட்புப் பணி. அப்போது எம்ஆர்டி சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்த பொறியாளர்கள் ஓடிவந்து, இடிபாட்டுக்குள் சுரங்கம் தோண்டி உயிரோடிருந்தவர்களை எடுத்தார்கள். 

‘அந்தக் காலத்தில் ஒருவரே எல்லாம் தெரிந்திருந்தார்’ என்று தேநீர் வேளையில் யாராவது சொல்வார்கள். ஜான் டர்ன்புல் தாம்சன் அப்படித்தான். அரசின் நில அளவையாளர். பாலம், மருத்துவமனை, சாலை எல்லாம் அவர் கை. 1851இல் ஏற்றப்பட்ட ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்துக்கு புலாவ் உபினிலிருந்து கல் கொண்டுபோனார். ஓவியமும் வரைந்தார். அடுத்த பத்தாண்டில் இந்தியக் கைதிகள் எழுப்பிய செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவரில், முட்டை வெள்ளையும் சர்க்கரையும் கலந்த சென்னைச் சுண்ணாம்புப் பூச்சு இருக்கிறது. அந்தக் கலவையை அறிந்த கைகளுக்குப் பட்டம் எதுவும் இல்லை. தாம்சனைப் போன்ற ஒருவரை இனி நம்மால் உருவாக்க முடியாது. அந்த ஆசையில் பாடத்திட்டம் போட வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன்.

நான் முன்வைப்பது இதுதான். தேர்வுப் பாடங்களைப் பாதியாகக் குறையுங்கள். மிச்ச நேரத்தில் ஒரு பருவம் முழுவதும் தோல்விகளைப் படிக்கட்டும், விசாரணை அறிக்கைகளை மூலத்திலேயே, வரைபடத்தோடும் கணக்கோடும். இன்னொரு பருவம் ஒரே திட்டம். நாலு பேர் கொண்ட குழு. கடைசியில் ஒருவர் செய்த பகுதியில் மற்றவர் வாய்மொழித் தேர்வுக்கு அமர வேண்டும். மண் பார்த்தவரிடம் மூட்டைப் பற்றிக் கேளுங்கள், மூட்டு வரைந்தவரிடம் நிலத்தடி நீரைப் பற்றி. நடுவே சில வாரங்கள் ஒரு ஃபோர்மேனின் கீழ் சைட்டில். அங்கே கம்பி கட்டும் தம்பிகள் பலர் புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்தவர்கள். நம் மாணவர்களுக்காவது மொழி ஒரு சாக்காக இருக்கக் கூடாது.

இப்படிப் படித்து வருபவர்களுக்கான வேலையும் வாசலில் நிற்கிறது. பக்கத்தில் தெங்கா நகர் எழும்புகிறது; ஜூரோங் வட்டார ரயில்பாதையில் புக்கிட் பாத்தோக் வெஸ்ட் என்றே ஒரு நிலையம் வரப்போகிறது. கடல் உயர்வைத் தடுக்க நூறாண்டுகளில் 10,000 கோடி வெள்ளி தேவைப்படலாம் என்று 2019 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் சொன்னார். கடற்கரைப் பாதுகாப்பில் மண் எது, நீர் எது, கட்டமைப்பு எது என்று கோடு போட்டுக் காட்டுபவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சற்று நேரத்தில் முதல் அமர்வு தொடங்குகிறது. புதிதாக என்ன சேர்க்கலாம் என்ற பட்டியலோடுதான் எல்லோரும் வந்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் வந்தேன். அதைப் பையிலேயே வைத்துவிடுங்கள். வரைவின் கடைசிப் பக்கம் வெற்றாக இருக்கிறது. நீங்களே நடத்தும் பாடங்களில் எதை விட்டுக்கொடுக்கத் தயார் என்று அதில் ஒரு வரி எழுதி, மதிய உணவுக்கு முன் என்னிடம் கொடுங்கள். என்னுடையதை ஏற்கெனவே எழுதிவிட்டேன்.