விமர்சகர் கையில் யுகுலேலே

பாடத் தெரியாதவர்தான் பாட்டை விமர்சிப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. அந்த விமர்சகரே பாட வந்துவிட்டால், "இவருக்கு எதற்கு இந்த வேலை?" என்று அதே வாய் கேட்கும். அப்படிப் பாட வந்த சில்வி சிம்மன்ஸ் லண்டனில் பிறந்தவர். 1977இல் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போய் 'சவுண்ட்ஸ்' வார இதழுக்கு ராக் இசை பற்றி எழுதினார். பிறகு 'மோஜோ' இதழில் எழுதினார். பாடகர் லியோனார்ட் கோஹனின் வாழ்க்கை வரலாற்றை 2012இல் பெரிய நூலாகக் கொண்டுவந்தார். 2014இல், யுகுலேலே வாசித்துத் தானே பாடிய 'சில்வி' என்ற ஆல்பத்தை வெளியிட்டார். அவர் விமர்சனத்தை விட்டுவிட்டு இசைக்குத் தாவினார் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஆல்பமே விமர்சகரின் வேலைதான்.

யுகுலேலேயை விளையாட்டுச் சாமான் என்று ஒதுக்குவோர் பலர். 1879இல் மடீராத் தீவிலிருந்து ஹவாய்க்குப் பிழைக்கப்போன போர்த்துகீசியர்கள் கொண்டுசென்ற சிறு வாத்தியத்திலிருந்து பிறந்தது அது. தந்திகள் நான்கே. நான்காவது தந்தியை, கிடாரில் செய்வதுபோலத் தாழ்த்தாமல், உயர்த்திச் சுருதி கூட்டுவது வழக்கம். அதனால் பியானோவின் நடு 'சி'க்குக் கீழே அதில் ஒரு சுரம்கூடக் கிடையாது. மீட்டிய நாதமும் நீண்டு நிற்காது, சட்டென்று அடங்கிவிடும். வாத்தியத்துக்கு இது குறைதான். ஆனால் பாடுகிறவருக்கு இது சோதனை. குரல் தடுமாறினால் மூடி மறைக்க அடியில் கனத்த நாதம் இல்லை. வரி முடிவில் மூச்சு இழுப்பதும் கேட்கும். சொல் நொய்ந்திருந்தால் அதுவும் அம்பலம். சில்வியின் குரலோ மெல்லியது, லேசாக நடுங்குவது. அதை மெருகேற்றி மறைக்காமல் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள்; தயாரித்தவர் அரிசோனாவின் டூசான் நகரத்து இசைக்கலைஞர் ஹௌ கெல்ப். பிறர் பாட்டில் எது மிகை என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்குத்தான் இவ்வளவு குறைத்துக்கொள்ளும் துணிவு வரும்.

சக பத்திரிகையாளர்கள் தாட்சண்யத்துக்காகப் புகழ மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான சந்தேகமே. புகழுரைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் பாடல்களை மட்டும் கேட்டு முடிவு செய்யலாம், அவை அதைத் தாங்கும். எழுதுகிறவர் இசைக்கு வருவதும் புதிதல்ல. இசையமைப்பாளர் ஷூமான் 1834இல் இசை இதழ் தொடங்கி நடத்தியவர். 'பிரிடெண்டர்ஸ்' ராக் குழுவின் கிரிஸ்ஸி ஹைண்ட் இதழ்களில் எழுதிவிட்டுப் பாட வந்தவர். எழுத்து அவர்கள் இசையைக் கெடுக்கவில்லை. இது பொழுதுபோக்கு ஆசைதானே என்போருக்கும் பதில் உண்டு. இரண்டாவது ஆல்பத்தின் பதிவு தொடங்கியபோதே ஒரு விபத்தில் சில்வியின் இடது கை எலும்புகள் முறிந்தன, நரம்பும் பாதிக்கப்பட்டது. தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும் கை அது. பொழுதுபோக்காக இருந்திருந்தால் அங்கேயே விட்டிருப்பார். அந்த ஆல்பம், 'ப்ளூ ஆன் ப்ளூ', 2020இல் வெளிவந்தது.