ஓசூர்ச் சாலையில் ஒரு நடைபாலம்

ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையே பெங்களூரின் தெற்கில் ஓசூர்ச் சாலையாகச் செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பேருந்தில் வரும் நம்மவர் பலர் மூட்டை முடிச்சுகளுடன் இறங்குவது இதன் ஓரத்தில்தான். அதன் குறுக்கே நடைபாலம் வேண்டுமா என்பது அவர்கட்கு உயிர் பற்றிய வினா. 2010-இல் எலக்ட்ரானிக் சிட்டிக்குத் திறக்கப்பட்ட உயர்மட்டச் சாலை, விரைவோர்க்கு வழி தந்தது. கீழே கடப்போரின் இடரைத் தீர்க்கவில்லை.

பாலம் கட்டினால் தீர்ந்துவிடுமா? லாரிகளுக்காக 5.5 மீட்டர் உயரம் விட வேண்டும். தளத்தின் கனத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ 6 மீட்டர். 15 சென்டிமீட்டர் படியாயின் 40 படிகள். ஏறியவர் அத்தனையும் இறங்கவும் வேண்டும். கைக்குழந்தையோடு வரும் தாயும் முழங்கால் வலியுடைய முதியவரும் நடுத்தடுப்பைத் தாண்டத் துணிவதில் வியப்பென்ன? அவர்களை ஏசுவது எளிது. 12-க்கு 1 என்ற சரிவில் பாதை அமைப்பதாயின், ஒவ்வொரு புறமும் 72 மீட்டர் நீளம் தேவை. நெருக்கடியான சாலையோரத்தில் அவ்வளவு இடம் அரிது. ஆகவே மின்தூக்கி இன்றியமையாதது. அது நாள்தோறும் இயங்கவும் வேண்டும்.

நகரின் உட்சாலைகளில் போக்குவரத்து விளக்கே போதும் என்பேன். வண்டி நிற்கட்டும், மனிதர் தரையிலேயே நடக்கட்டும். வண்டிகள் நில்லாது விரையும் நெடுஞ்சாலைக்கோ பாலமே தக்கது. அதுவும் பேருந்து நிற்கும் இடத்திலேயே. 200 மீட்டர் தள்ளி எழுப்பினால், அதில் விளம்பரப் பலகைகள்தாம் குடியிருக்கும்.