யாரையும் கேட்காமல் செலவழித்த காசு



"பொழுதுபோக்கு சோறு போடுமா?"ன்னு எதிரணி நண்பர் கேட்டார். நான் மாடித்தோட்டம் போடுறவ சார். அதைப் பத்தி இணையத்தில் எழுதி, விளம்பரம் வைத்தேன். கூகுள் ஆட்சென்ஸில் 10 டாலர் சேர்ந்ததும் முகவரி சரிபார்க்கத் தபாலில் ஒரு ரகசிய எண் வரும். தபால்காரரைப் பார்த்து, "பணமா?"ன்னு ஓடி வந்தாங்க என் மாமியார். "இல்லை அத்தை, நம்பர்!" (சிரிப்பு)

100 டாலர் சேர்ந்தால்தான் பணம். அடுத்து யூடியூப். நீள வீடியோ போடுறவங்க விளம்பரப் பங்கு வாங்கணும்னா 1,000 சந்தாதாரர் வேணும். 12 மாதத்தில் 4,000 மணி நேரம் பார்த்திருக்கணும். கணக்குப் போட்டேன். ராத்திரி பகலா 166 நாளுக்கு மேல என் கத்திரிச் செடியையே ஊர் பார்க்கணும் சார்! (கைதட்டல்)

சோறு போடாது, ஒத்துக்கறேன். இதை நம்பி வேலையை விடாதீங்க. ஆனா மூணு வருஷம் கழிச்சு அந்த 100 டாலர் வந்தது. கல்யாணமாகி 18 வருஷத்தில், முதல் தடவையா யார்கிட்டயும் கேட்காம, எங்கம்மாவுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.

அந்தக் காசுக்கு மதிப்பு என்னன்னு நடுவரே சொல்லட்டும். (பலத்த கைதட்டல்)