பறிபோன கணக்கை மீட்பது எப்படி?



சிங்கப்பூரில் வேலை செய்யும் உறவினர் பெயரில் செய்தி வருகிறது. நம் கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைக் கேட்கிறது. சொல்லிவிட்டால், வாட்ஸ்அப் கணக்கு திருடன் கைக்குப் போய்விடும். நம் பெயரைச் சொல்லியே ஜொகூர்த் தோட்டமெங்கும் கடன் கேட்பான். போவது நம் நாணயம்.

கலங்க வேண்டாம். சிம் அட்டை நம்மிடம்தானே இருக்கிறது! அதே எண்ணை மீண்டும் பதிவு செய்தால், புதிய எண் குறுஞ்செய்தியாக நமக்கே வரும். அதை இட்டதும் திருடன் வெளியேறுவான். அவன் இரகசிய எண் வைத்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க நேரும். அதற்குள் அவனாலும் நுழைய முடியாது. உறவினர்களுக்கு உடனே தொலைபேசியில் தெரிவிப்போம்.

வங்கிப் பணமும் போயிருந்தால், வங்கிக்கும், 2022-இல் அமைந்த தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997 எண்ணுக்கும் தாமதமின்றி அழைப்போம். போலீசிலும் புகார் செய்வோம். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுமுன் தடுத்தால்தான் மீட்க வழியுண்டு.

கணக்கு திரும்பியதும், நாமே இரகசிய எண் வைத்துக்கொள்வோம்.